குரலின் காலமும் எழுத்தின் காலமும்: ‘ஸ்மைல்’ காலநெறியும் லா சாப்பல் தமிழ் வாய்மொழியும்

முன்னுரை

1970ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மூன்றாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கருத்தரங்கு பாரிஸ் மாநகரின் கொலேஜ் து பிரான்சில் கூடியது. தனிநாயகம் அடிகளும் ழான் ஃபிலியோசாவும் முன்னின்று நடத்திய அக்கருத்தரங்கின் காலத்தில், பாரிஸில் தமிழ் என்பது பெரும்பாலும் ஏட்டுச்சுவடியும் அச்சுநூலும் ஆகும். அவ்விடத்திலிருந்து வடக்கே நடந்து செல்லும் தொலைவிலுள்ள லா சாப்பல் பகுதி இன்று வேறொரு தமிழின் இருப்பிடமாக உள்ளது. வட இரயில் நிலையத்தின் பின்புறம் தொடங்கி, ஃபோபூர் சாந்தெனித் தெரு, கய் தெரு, பெர்தொனே தெரு ஆகியவற்றின் வழியே விரியும் இக்கடைத்தெரு, 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோரால் உருவானது. இங்குள்ள தமிழ் முதன்மையாகக் காதால் கேட்கப்படும் தமிழ். அது சுவடியில் இல்லை. ஒலிநாடாவிலும் காணொளியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது.

அக்குரலைப் பேணுவோர் அதனோடு எழுத்தையும் படத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டியுள்ளது. எந்த எழுத்து எந்த நொடியில் தோன்ற வேண்டும் என்பதை அங்கே யாரேனும் முடிவு செய்கின்றனர். இம்முடிவு வெறும் தொழில்நுட்பச் செயலாகவே கருதப்பட்டு வருகிறது. அது ஓர் உரையாசிரியரின் செயலுக்கு நிகரான பொருள்கோள் செயல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. பல்லூடகத்திற்குக் காலம் வகுக்கும் ‘ஸ்மைல்’ என்னும் வலைத் தரத்தையும், தமிழ்க் குரலும் பிரெஞ்சு எழுத்தும் ஒருங்கே இயங்கும் ‘தீபன்’ என்னும் திரைப்படத்தையும் முன்வைத்து இக்கருத்து ஆராயப்படுகிறது.

ஸ்மைல்: காலத்திற்கு ஓர் இலக்கணம்

ஒத்திசைவுப் பல்லூடக ஒருங்கிணைப்பு மொழி என்று விரித்துச் சொல்லத்தக்க ஸ்மைல், உலகளாவிய வலைக் கூட்டமைப்பால் 1998 சூன் 15இல் பரிந்துரையாக வெளியிடப்பட்டது. இதன் உருவாக்கத்தில் பிரான்சுக்குப் பெரும் பங்குண்டு. அக்கூட்டமைப்பின் ஐரோப்பிய இருப்பிடமாக அன்று விளங்கியது பிரெஞ்சு அரசின் கணினியியல் ஆய்வு நிறுவனமாகிய இன்ரியா. முதற்பதிப்பின் பதிப்பாசிரியர் பிலிப் ஹோஷ்கா அங்கிருந்து பணியாற்றியவர். இரண்டாம் பதிப்பு 2001இலும், மூன்றாம் பதிப்பு 2008இலும் வெளிவந்தன.

இம்மொழி ஒலியையோ படத்தையோ தன்னுள் கொண்டிருப்பதில்லை. வெளியே உள்ள ஒலிக்கோப்பு, படம், எழுத்து ஆகியவற்றைச் சுட்டி, அவை எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் தோன்ற வேண்டும் என்பதை மட்டும் கூறுகிறது. இதன் அடிப்படை மூன்று காலக்கலன்கள். ‘செக்’ என்பது ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது. ‘பார்’ என்பது ஒருங்கே இயக்குவது. இரண்டாம் பதிப்பில் வந்த ‘எக்ஸ்கிள்’ என்பது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே இயங்கவிட்டு, மற்றதை நிறுத்தியோ தடுத்தோ வைப்பது. கலனுக்குள் கலன் அமையலாம் என்பதால் இம்மூன்றைக் கொண்டே சிக்கலான நிகழ்வுகளையும் வகுக்க இயலும்.

காலத்தைக் கடிகாரத்தால் மட்டும் அளக்காமை இம்மொழியின் தனிச்சிறப்பு. ‘ஐந்தாம் நொடியில் தொடங்குக’ என்று கூறுவது போலவே, ‘அக்குரல் முடிந்து இரண்டு நொடி கழித்துத் தொடங்குக’ என்றும், ‘ஒலியில் இட்ட இன்ன குறியை எட்டும்போது தொடங்குக’ என்றும், ‘ஒரு நிகழ்வு நேரும்போது தொடங்குக’ என்றும் கூறலாம். அந்நிகழ்வு நேரும்வரை அதன் தொடக்கம் ‘தீர்வாகாத நேரம்’ எனக் கொள்ளப்படும். லா சாப்பலில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆண்டுதோறும் கோடைமுடிவில் வீதியுலா வருகிறது. தெருவில் தேங்காய் உடைபடுவதும், தவிலும் நாதசுரமும் முழங்குவதும், வடம் இழுக்கப்படுவதும் ஒன்றையொன்று பார்த்தே தொடங்குகின்றன, நொடிமுள்ளைப் பார்த்தல்ல. அத்தகைய காலத்தை எழுதிக்காட்ட இம்மொழியில் இடமுண்டு.

மேசைக் கணினியில் ஸ்மைலை இயக்கிய பழைய மென்பொருள்கள் பல வழக்கொழிந்துவிட்டன. 2015இல் குரோம் உலாவியினர் வரைபட அசைவுக்கான ஸ்மைல் கூறுகளைக் கைவிடப்போவதாக அறிவித்துப் பின்னர் அம்முடிவை நிறுத்திவைத்தனர். ஆயினும் இதன் நெறி அழியவில்லை. பார்வையற்றோர்க்கான டெய்சி பேசும் நூல்கள் இதனைக் கொண்டே ஒலியையும் எழுத்தையும் இணைத்தன. 2011இல் வெளிவந்த ஈபப் 3 மின்னூல் தரம், வாசிக்கும் குரலோடு எழுத்தை ஒளிரச்செய்ய இதன் ஒரு பகுதியையே எடுத்தாண்டது. 2010இல் பரிந்துரையான காலமிட்ட உரைக் குறிமொழியும் தன் காலக்கோட்பாட்டை இதனிடமிருந்தே பெற்றது. இன்றைய துணையுரைக் கோப்புகள் பல அக்குறிமொழியின் வழிவந்தவை. எனவே ஸ்மைலைத் திறனாய்வது, திரையில் எழுத்தைக் குரலோடு சேர்க்கும் இக்கால வழக்கம் முழுவதையும் திறனாய்வதாகும்.

ஒப்புமையின் பயனும் எல்லையும்

தமிழ் இலக்கண மரபில் காலம் எழுத்தின் உள்ளேயே அளக்கப்பட்டது. தொல்காப்பியம் மாத்திரையின் அளவாகக் கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் கூறுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் பகுப்பு அதன் வழி அமைந்தது. பொருளதிகாரமோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. திரையின் பரப்பைப் பகுதிகளாக வகுத்து அவற்றிற்குக் காலம் இடும் ஸ்மைலோடு இதனை ஒப்பிடும் ஆவல் எழுவது இயல்பு.

இவ்வொப்புமையைக் கொண்டு வலைத் தரத்தைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர் என்பது பொருந்தாது. ஒப்புமையின் பயன் வேறிடத்தில் உள்ளது. மாத்திரை என்பது மாந்த உடலின் இயல்பான செயலால் அளக்கப்படுவது. அது பேசுவோனின் காலம். வயதுக்கும் மூச்சுக்கும் ஏற்ப நெகிழ்வது. துணையுரையின் காலமோ வாசிப்போனின் கண்வேகத்தால் அளக்கப்படுவது. இரண்டு வரிக்கு மிகாமல், ஏறத்தாழ ஆறு நொடிக்கு மேல் நில்லாமல், ஒரு நொடிக்கு இத்தனை எழுத்து என்னும் கணக்கில் அது அமைக்கப்படுகிறது. ‘பார்’ என்னும் கலன் இவ்விரு காலங்களையும் ஒரே தொடக்கத்தில் கட்டிவைக்கிறது. கட்டப்பட்டவை ஒத்துள்ளன என்னும் தோற்றத்தையும் அது தருகிறது. அத்தோற்றம் எங்கே பொய்க்கிறது என்பதே ஆராயத்தக்கது.

குரலை முந்தும் எழுத்து

விளக்கத்திற்காக அமைத்த ஒரு தொடரைக் கருதலாம். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் ஒரு மூதாட்டி, ‘அவரைக் கூட்டிக்கொண்டு போனவை திருப்பிக் கொண்டுவந்து விடேல்லை’ என்று கூறுவதாகக் கொள்வோம். தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்கும். எதிர்மறையும் அவ்வினைமுற்றின் ஈற்றில் நிற்கும். ‘கொண்டுவந்து’ என்பது வரை அத்தொடர் இருவழியும் செல்லத்தக்கது. ‘விட்டவை’ என்று முடிந்தால் ஒருவர் வீடு திரும்பினார். ‘விடேல்லை’ என்று முடிந்தால் ஒருவர் காணாமல் போனார். கேட்போர் அந்த இறுதி அசை வரை காத்திருக்கின்றனர். கூறுபவரும் அவ்வசைக்கு முன் நிறுத்தக்கூடும். ஸ்மைலின் சொல்லால் கூறின், வினைமுற்று வரும்வரை அத்தொடரின் பொருள் தீர்வாகாத நேரத்தில் உள்ளது.

இதே தொடருக்குரிய பிரெஞ்சுத் துணையுரை, குரல் தொடங்கிய கணத்தில் முழுமையாகத் திரையில் தோன்றும். மூதாட்டி ‘அவரை’ என்று வாய்திறக்கும்போதே அவர் திரும்பவில்லை என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. எஞ்சிய நொடிகளில் அவர் கேட்பது ஒரு செய்தியை அல்ல. ஏற்கெனவே அறிந்த செய்தியின் ஓசையை மட்டுமே. தமிழ் கேட்போர் அடையும் காத்திருப்பு அவருக்கு இல்லை.

இக்குறையைத் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள தொடரமைப்பு வேறுபாட்டின்மேல் மட்டும் ஏற்றுதல் எளிது; ஆனால் அது முழு உண்மை அன்று. அதே தொடரைத் தமிழிலேயே துணையுரையாக இட்டாலும் கண் காதை முந்தும். வரியின் இறுதியிலுள்ள எதிர்மறையை விழி முன்னரே எட்டும். எனவே முதற்காரணம் மொழியன்று. எழுத்து ஒரே தொகுதியாகத் தோன்றுவது. தொடரமைப்பு இரண்டாம் காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் தீர்வும் புலப்படும். பிரெஞ்சிலும் ‘அவரை அழைத்துச் சென்றவர்கள்’ என்னும் எழுவாய்ப் பகுதியை முன்னே வைக்க இயலும். எதிர்மறை வினையைப் பின்னே வைக்க இயலும். அவ்வாறு மொழிபெயர்த்து, தொடரை இரு துணையுரைகளாக்கிச் ‘செக்’ முறையில் அடுக்கி, இரண்டாவதன் தொடக்கத்தை ஒலியில் வினைமுற்று தோன்றும் இடத்துக் குறியோடு பிணைத்தால், பிரெஞ்சு வாசகரும் அந்த மூதாட்டியோடு காத்திருப்பார். மொழி தடையாக நிற்கவில்லை. தொடரைத் துண்டாடும் அலகை யார், எதற்காகத் தேர்ந்தனர் என்பதே இங்கு வினா.

இதற்கு விலையும் உண்டு. துண்டுகள் மிகுந்தால் வாசிப்பு இடறும். எல்லாத் தொடரையும் இவ்வாறு பிரித்தால் திரை நடுங்கும். எங்கே காத்திருப்பு பொருளாகிறதோ அங்கு மட்டும் பிரிப்பதே தகும். அத்தகைய இடத்தை அறிவது மொழியறிவும் கதையறிவும் உடையோர்க்கே இயலும். உரையாசிரியர் சீர்பிரிக்கும் இடத்தில் பொருள்கொள்வது போன்றதே இது.

‘தீபன்’: கேட்போரும் வாசிப்போரும்

ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. உரையாடலின் பெரும்பகுதி தமிழில் அமைந்த பிரெஞ்சுப் படம் இது. ‘கொரில்லா’ நாவலால் அறியப்பட்ட ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தி தீபனாகவும், சென்னை நாடக அரங்கிலிருந்து வந்த காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும், குளோடின் வினாசித்தம்பி இளையாளாகவும் நடித்தனர். உறவற்ற மூவர் இறந்தோரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சை அடைவதே கதை.

உறவில்லாதோர் உறவாக நடிக்கும் இக்கதையில், ஒருவரையொருவர் எப்படி விளிக்கின்றனர் என்பது அழகுக்கூறன்று, கதையின் அச்சு. யாழ்ப்பாணத் தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று நிலைகள் உண்டு. வா, வாரும், வாங்கோ என ஏவலும் அவ்வாறே மூன்றாகும். நடுநிலையாகிய ‘நீர்’ நெருக்கத்தையும் மதிப்பையும் ஒருசேரத் தாங்குவது. கணவன் மனைவியாக நடிக்கும் இருவர் எந்நிலையிலிருந்து எந்நிலைக்கு நகர்கின்றனர் என்பதைத் தமிழ்க் காது நொடிதோறும் கணக்கிடும். பிரெஞ்சில் முன்னிலை இரண்டே. மூன்றை இரண்டாக்கும்போது ஒரு படி மறைகிறது. துணையுரையின் எழுத்தளவு நெருக்கடியில் ‘அம்மா’, ‘அண்ணை’ போன்ற விளிகள் முதலில் வெட்டப்படுவனவாகவும் உள்ளன. குரலில் கேட்பதால் எழுத்தில் தேவையில்லை என்பது அத்தொழிலின் நியாயம். அந்நியாயம் விளியின் பொருளறிந்தோர்க்கே பொருந்தும்.

யாழினி தமிழிலும் பிராகிம் பிரெஞ்சிலும் பேசிக்கொள்ளும் பகுதிகள் இப்படத்தில் உண்டு. அவள் கூறுவது அவனுக்கு விளங்காது. பிரெஞ்சுப் பார்வையாளருக்குத் துணையுரையால் விளங்கும். பாத்திரத்திற்கு இல்லாத அறிவை எழுத்து பார்வையாளருக்கு அளிக்கிறது. லா சாப்பலில் வளர்ந்த இளந்தலைமுறையினரோ இரண்டையும் காதால் அறிவர். அவர்களுக்குக் கீழே ஓடும் எழுத்து மொழிபெயர்ப்பாக அன்றி, தாம் கேட்டதன்மேல் வேறொருவர் எழுதிய குறிப்புரையாகவே தோன்றும். சென்னைக்குரிய நாவும் ஈழத்துக்குரிய நாவும் ஒரே குடும்பத்தின் குரலாக அமைக்கப்பட்டிருப்பதையும் அவர்களே உணர்வர். பிரெஞ்சு எழுத்தில் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. படத்தைக் குறைகூறுவதற்காக இது இங்குக் கூறப்படவில்லை. ஒரே படம் கேட்போருக்கு ஒன்றாகவும் வாசிப்போருக்கு மற்றொன்றாகவும் இரு காலங்களில் நிகழ்கிறது என்பதே சுட்டத்தக்கது.

‘சுவிட்ச்’ என்னும் முன்முடிவு

ஸ்மைல் பன்மொழியை மறந்த தரமன்று. அதன் முதற்பதிப்பிலேயே ‘சுவிட்ச்’ என்னும் கூறு உண்டு. வாசகரின் மொழி, துணையுரை வேண்டும் வேண்டாம் என்னும் விருப்பம் முதலியவற்றைச் சோதித்து, தரப்பட்ட மாற்றுகளுள் பொருந்தும் முதலாவதைத் தெரிந்து, ஏனையவற்றை விட்டுவிடும். இது சிக்கனமான ஏற்பாடு. ஆயினும் இதனுள் ஒரு கருதுகோள் உறைகிறது: ஒருவருக்கு ஒரு மொழி போதும்; மற்றவை அதற்கு மாற்று.

லா சாப்பலில் கடைப்பலகைகள் தமிழையும் பிரெஞ்சையும் சேர்த்தே தாங்குகின்றன. பாட்டியிடம் தமிழைக் கேட்டுப் பிரெஞ்சில் விடைகூறும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் கேட்கும் மொழி, பிரெஞ்சு வாசிக்கும் மொழி. அப்பிள்ளை ‘சுவிட்ச்’ கூறின் வாசகர் அல்லர். ‘பார்’ கூறின் வாசகர். மொழிகளை மாற்றாக வைக்கும் கோப்பு அப்பிள்ளையை ஒருபக்கம் சாயச் சொல்கிறது. குறிமொழியில் இரண்டையும் ஒருங்கே இயக்கத் தடையேதுமில்லை என்பதால், குறை தரத்தினுடையது என்பதைவிட அதைக் கையாளும் பழக்கத்தினுடையது எனலே நேர்மையாகும்.

பேச்சும் எழுத்தும்

தமிழ்க் குரலோடு தமிழ் எழுத்தையே இணைக்கும்போதும் சிக்கல் தீர்வதில்லை. ஈபப் நூலில் ஒவ்வொரு ‘பார்’ கலனும் ஓர் எழுத்துத் துண்டையும் அதற்குரிய ஒலித்துண்டையும் சுட்டும். நூலைப் பார்த்து வாசிக்கும் குரலுக்கு இது பொருந்தும். மூதாட்டியின் பேச்சுக்கு எந்த எழுத்தைச் சுட்டுவது? ‘விடேல்லை’ என்பதற்கு ‘விடவில்லை’ என்று எழுதினால் வாசிக்க எளிது, அகராதியில் தேடலாம். ஆனால் அக்கோப்பு, அவர் கூறாத சொல்லை அவர் கூறும் கணத்தில் ஒளிரச் செய்கிறது. கேட்டபடியே எழுதினால் குரலுக்கு நேர்மை. தேடுவோர்க்கும் எழுத்தறிமுகம் குறைந்தோர்க்கும் இடர்ப்பாடு. புணர்ச்சியும் இதனைப் பெருக்குகிறது. எழுத்தில் இரு சொல்லாகப் பிரிந்தது மூச்சில் ஒன்றாக வரும்; எழுத்தில் நீண்ட ஒரு சொல் மூச்சில் இரண்டாகப் பிரியும். சொல்லுக்குச் சொல் ஒளிர்விப்பது ஆங்கிலத்திற்குப் பொருந்தும் அளவுக்குத் தமிழுக்குப் பொருந்தாது. மூச்சுக்கூறே இங்குத் தக்க அலகு.

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டைப் பதிப்பாசிரியர் அடியில் காட்டுவர். மூலத்தைத் திருத்தி மறைப்பதில்லை. வாய்மொழிப் பதிவுக்கும் அதே அறம் வேண்டும். கேட்டபடி எழுதிய பாடம், எழுத்துவழக்குப் பாடம், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் தனித்தனித் தடங்களாக, ஒரே ஒலிக்குறிகளோடு பிணைக்கப்பட வேண்டும். அவற்றுள் எது எப்போது தோன்ற வேண்டும் என்பதைப் பயில்வோர் தெரியலாம். மூன்றும் இருப்பது மட்டும் மறைக்கப்படலாகாது.

முடிவுரை

1980களில் பாரிஸுக்கு வந்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்தம் குரல்கள் பதிவாகின்றன. பதிவானவற்றோடு எழுத்தும் சேர்கிறது. காலக்கோப்பு ஒருமுறை அமைந்துவிட்டால் பின்வருவோர் அதன் வழியாகவே அக்குரலைக் கேட்பர். எழுத்து எங்கே முந்தியதோ அங்கே குரல் எப்போதும் பின்தங்கியே ஒலிக்கும்.

ஸ்மைல் இதற்கு இரண்டு வழிகளில் பயன்படும். முதலாவது, அது ஒலியையும் எழுத்தையும் ஒன்றாக உருக்கிவிடாமல், அவற்றின் காலத்தை மட்டும் தனியே எளிய எழுத்துக் கோப்பாக வைக்கிறது. அதனை இயக்கிய மென்பொருள் மறைந்தபின்னும் அக்கோப்பைத் திறந்து, முன்னோர் எவ்விடத்தில் பிரித்தனர் என்பதை வாசிக்கலாம். ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். துணையுரை படத்தின்மேலேயே பொறிக்கப்பட்டுவிட்ட காணொளியில் இது இயலாது. ஆதலால் ஆய்வு நூலகங்கள் காணொளியோடு நில்லாது, காலக்கோப்பையும் தனி ஆவணமாகப் பெற்று, அதனை அமைத்தவர் பெயரோடும் ஆண்டோடும் பட்டியலிடுதல் வேண்டும்.

இரண்டாவது, அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு கலனுக்குள் எந்த ஊடகம் தலைமை ஏற்க, ஏனையவை அதற்கு இசைந்து ஓட வேண்டும் என்று குறிக்கும் பண்பு உண்டு. திரைத்தொழிலின் வழக்கத்தில் அத்தலைமை நடைமுறையில் வாசகரின் கண்ணுக்குச் சென்றுவிட்டது. வாய்மொழி ஆவணத்தில் அது குரலுக்கே உரியது. மூதாட்டி நிறுத்தும் இடத்தில் எழுத்தும் நிற்க வேண்டும். அவர் முடிக்கும்போதே அதுவும் முடிய வேண்டும்.